படைப்பை மாற்றுவதா, பிணியைப் போக்குவதா?

 

மரபணுத் திருத்தம் என்று கேட்டதுமே, "அல்லாஹ்வின் படைப்பை மாற்றுவது, ஹராம்" எனத் தீர்ப்பளிப்போர் நம்மிடையே உள்ளனர். அந்நிஸா அத்தியாயத்தின் 119ஆம் வசனத்தை ஆதாரமாகக் காட்டுகின்றனர். என்ன செய்யப்படுகிறது என்பதை விசாரியாமல் வழங்கும் தீர்ப்பு நீதியாகுமா?

தலசீமியா நோயையே எடுத்துக்கொள்வோம். கருவறையில் குழந்தைக்குக் கரு ஹீமோகுளோபின் உருவாகிறது. பிறந்த சில மாதங்களில் பிசிஎல்11ஏ என்னும் மரபணு அதை அடக்கிவிட, வேறு வகை ஹீமோகுளோபின் அதன் இடத்தைப் பிடிக்கிறது. பீட்டா தலசீமியா நோயாளிக்கு இந்த இரண்டாம் வகை சரிவர உருவாவதில்லை. நோய் கடுமையானால் வாழ்நாள் முழுதும் இரத்தம் ஏற்றியே உயிர் தரிக்க வேண்டும்.

இந்நோயாளியின் இரத்த ஸ்டெம்செல்களை வெளியே எடுத்து, பிசிஎல்11ஏவை இரத்த அணுக்களில் இயக்கும் விசையைக் கிரிஸ்பர் கருவியால் அறுத்து, அவருக்கே திருப்பிச் செலுத்துகின்றனர். அடங்கிக் கிடந்த கரு ஹீமோகுளோபின் மீண்டும் உருவாகத் தொடங்குகிறது. 2023 நவம்பரில் பிரிட்டன் இச்சிகிச்சைக்கு ஒப்புதல் அளித்தது. இறைவன் முன்பே வைத்த ஆற்றலை எழுப்புவது எப்படிப் படைப்பை மாற்றுவதாகும்? நோயுற்றால் மருத்துவம் செய்துகொள்வதன்றோ நபி (ஸல்) அவர்கள் காட்டிய வழி?

கருவையே திருத்துவது வேறு. 2018இல் சீனாவின் ஹே ஜியான்குய் அவ்வாறு குழந்தைகளைப் பிறக்கச் செய்து, பின்னர் சிறை சென்றார். அம்மாற்றம் தலைமுறைகளுக்கும் கடந்து செல்லக்கூடியது. அதை எதிர்ப்போம், ஆனால் இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்ப வேண்டாம்.

உண்மையில் நாம் கொதிக்க வேண்டியது இச்சிகிச்சையின் விலையைக் கண்டு! அமெரிக்காவில் அது 22 லட்சம் டாலர். அதற்குமுன் தரப்படும் கடும் கீமோதெரபி பிள்ளைப்பேற்றையே பாதிக்கலாம். ஆகவே வருமுன் காப்பதே நம் கடமை.

பெற்றோர் இருவரும் இக்குறையைச் சுமப்பவர்களானால், ஒவ்வொரு கருவிலும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. உறவுக்குள் மணம் மார்க்கத்தில் ஆகுமானதே. ஆனால் ஒரே குறையை இருவரும் சுமக்கும் வாய்ப்பு அங்கு அதிகம். நிகாஹுக்காகத் தியாகராய நகரில் கடை கடையாக ஏறி இறங்குகிறோம். மயிலாப்பூரிலோ அடையாறிலோ ஓர் ஆய்வுக்கூடத்தில் மணமக்களுக்கு ஹீமோகுளோபின் வகைப் பரிசோதனை செய்ய மட்டும் நமக்கு நேரமில்லை!

ஜமாஅத் நிர்வாகிகளே, ஆலிம்களே! ஹராம் என்று அறிவிக்கும் அதே மிம்பரிலிருந்து இப்பரிசோதனையையும் வலியுறுத்துங்கள். ஒரு சிறு குழாய் இரத்தம், ஒரு குழந்தையின் வாழ்நாள் வேதனையைத் தவிர்க்கக்கூடும்.

வல்ல அல்லாஹ் நமக்கு நல்லறிவைத் தந்தருள்வானாக. ஆமீன்.