போலி முத்திரை! கம்ப்யூட்டர் ஏமாந்தது எப்படி?

எடைக்கல்லில் சர்க்கார் முத்திரை இருந்தால் நம்பிச் சாமான் வாங்குகிறோம். அந்த முத்திரையே போலி என்றால்?

கம்ப்யூட்டர் உலகில் அப்படியும் நடந்திருக்கிறது!

பாங்கிக் கணக்கை கம்ப்யூட்டரில் திறக்கிறீர்கள். எதிரே இருப்பது உண்மையான பாங்கிதானா? அதை உங்களுக்காகக் கம்ப்யூட்டரே சோதிக்கிறது. பாங்கி ஒரு சான்றிதழைக் காட்டும். அதற்குப் பொறுப்பேற்ற நிறுவனத்தின் பெயர், கம்ப்யூட்டரிடம் உள்ள நம்பிக்கைப் பட்டியலில் இருக்க வேண்டும். இருந்தால் கதவு திறக்கும்.

ஹாலந்தில் திருட்டு

2011-ம் ஆண்டு ஹாலந்து நாட்டில், டிஜிநோட்டார் என்ற சான்றிதழ் நிறுவனத்தின் கம்ப்யூட்டர்களுக்குள் திருடர்கள் புகுந்தார்கள். அவர்கள் பணத்தைத் தொடவில்லை. 500-க்கும் அதிகமான போலிச் சான்றிதழ்களைத் தயாரித்தார்கள். கூகிள் பெயரிலும் ஒன்று! ஈரானில் சுமார் 3 லட்சம் இணைய முகவரிகளுக்கு அந்தப் போலி காட்டப்பட்டது. அவர்களுடைய கடிதங்களைப் பிறர் படிக்க வழி பிறந்தது.

ஜூலையில் நடந்த திருட்டு, ஆகஸ்டு கடைசியில்தான் அம்பலமாயிற்று. டிஜிநோட்டாரின் பெயர் பட்டியல்களிலிருந்து நீக்கப்பட்டது. செப்டம்பரில் அந்த நிறுவனம் திவாலாகிவிட்டது.

இந்தியாவிலும்!

2014-ம் ஆண்டு நமது தேசிய தகவலியல் மையத்தின் சான்றிதழ் பிரிவிலிருந்து, கூகிள், யாஹூ பெயர்களில் முறையற்ற சான்றிதழ்கள் வெளிவந்தன. விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் அவற்றையும் நம்பும் நிலை இருந்தது. ஜூலை 10-ந் தேதி மைக்ரோசாப்ட் நிறுவனம் தடைப்பட்டியலைத் திருத்தி அனுப்பியது.

யார் கையில் சாவி?

விண்டோசில் நம்பத்தக்கவர் பட்டியல் ஒன்று, நம்பத்தகாதவர் பட்டியல் ஒன்று, இரண்டும் உண்டு. திருத்தம் வந்திருக்கிறதா என்று கம்ப்யூட்டர் தானாகவே பார்த்துக்கொள்ளும்.

ஆனால் பெரிய அலுவலகங்களில் "குரூப் பாலிசி" என்ற கட்டளை ஏற்பாடு உண்டு. நிர்வாகி ஓரிடத்தில் உத்தரவிட்டால் எல்லாக் கம்ப்யூட்டர்களும் கீழ்ப்படியும். இந்தத் தானியங்கித் திருத்தத்தையும் அவர் நிறுத்தி வைக்கலாம். யாரை நம்புவது என்பதை வெளியார் முடிவு செய்வதா என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

ஆனால் நிறுத்திவிட்டுச் சும்மா இருந்தால் என்ன ஆகும்? நேற்று பிடிபட்ட திருடனை, இன்றும் அந்தக் கம்ப்யூட்டர் வரவேற்று உட்கார வைக்கும்!

இதற்கு வழி இருக்கிறது. ஒரு கம்ப்யூட்டர் மட்டும் புதிய பட்டியல்களை வாங்கிப் பொது இடத்தில் வைக்கலாம். மற்றவை அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். இணையத் தொடர்பு இல்லாத கம்ப்யூட்டர்களுக்கும் இது உதவும். நிர்வாகி பார்த்துத் தேர்ந்தெடுக்கவும் முடியும்.

வீட்டில் உள்ளோர் செய்ய வேண்டியவை இரண்டே. தானாக வரும் திருத்தங்களை நிறுத்தாதீர்கள். "இந்த இடம் பாதுகாப்பானதல்ல" என்று திரையில் எச்சரிக்கை வந்தால், ரகசிய எண்ணைத் தட்டாதீர்கள். முத்திரையில் சந்தேகம் வந்தபின் யாராவது சாமான் வாங்குவார்களா?