அவரிடம் சொல்லிவிடாதீர்கள்

'டாக்டர், அவரிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.' இந்த வேண்டுகோளைக் கேட்காத புற்றுநோய் மருத்துவர் இருக்க மாட்டார். 1981இல் தொடங்கப்பட்ட திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்துக்குக் கேரளத்தவர் மட்டுமல்ல, கன்னியாகுமரி, திருநெல்வேலி மாவட்டத்தாரும் வருகிறார்கள். ஆகவே அங்கே இந்த வேண்டுகோள் மலையாளத்திலும் வரும், தமிழிலும் வரும். கேட்பவர் மகனாக இருப்பார், அல்லது மனைவியாக. அன்பைத் தவிர வேறு நோக்கம் இல்லை. உண்மை தெரிந்தால் மனம் உடைந்துவிடும் என்ற பயம்.

ஆனால் நோயாளிக்குப் பெரும்பாலும் தெரிந்தே இருக்கிறது. இளைத்துவரும் உடம்பு சொல்கிறது. தான் அறைக்குள் நுழைந்ததும் பேச்சு நின்றுபோவது சொல்கிறது. வீட்டார் தாங்க மாட்டார்கள் என்று அவரும் எதுவும் தெரியாதவர்போல் இருந்துவிடுகிறார். ஒரே கூரைக்குக் கீழே எல்லோரும் நடிக்கிறார்கள், தனித்தனியே அழுகிறார்கள். மகளின் கல்யாணம், வீட்டுக் கடன், அண்ணன் தம்பிக்குள் இருந்த பழைய மனத்தாங்கல் என்று பேசித் தீர்க்க வேண்டியவை பேசப்படாமலே போகின்றன.

திருவனந்தபுரத்தைச் சேர்ந்த டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் இதற்குக் கொடுக்க நேரும் விலையை இளம் வயதிலேயே பார்த்தவர். மயக்கவியல் மருத்துவரான அவரிடம், புற்றுநோய் வலியால் துடித்த கல்லூரி ஆசிரியர் ஒருவர் அனுப்பப்பட்டார். நரம்பில் ஊசி போட்டதும் வலி நின்றது. மீண்டும் எப்போது வர வேண்டும் என்று ஆசிரியர் கேட்டார். இனி வரத் தேவையில்லை என்றார் டாக்டர். அந்த ஊசி நோயையே குணமாக்கும் என்று ஆசிரியர் நம்பியிருந்தார். நோய்க்குத் தீர்வு இல்லை என்பது அவருக்கு அப்போதுதான் புரிந்தது. வீடு திரும்பியவர் அன்றிரவே உயிரை மாய்த்துக்கொண்டார். ராஜகோபால் பின்னாளில் எழுத்திலும் மேடையிலும் பலமுறை சொன்ன சம்பவம் இது.

மேலோட்டமாகப் பார்த்தால் இது வீட்டார் கட்சிக்குத்தான் சாட்சி: உண்மை தெரிந்தது, மனிதர் உடைந்தார். சற்று நின்று யோசித்தால் வேறொன்று தெரிகிறது. உண்மை அவரை வந்தடைந்த விதம்தான் கொடுமை. யாரும் அதைப் பக்குவமாகச் சொல்லவில்லை. அது தெரிந்த வேளையில் உடன் உட்கார யாரும் இல்லை. வலியைக் கவனித்தவர்கள் அந்த வலிக்குரிய மனிதரைக் கவனிக்கவில்லை.

லண்டனில் 1967இல் புனித கிறிஸ்டோபர் இல்லத்தை நிறுவிய சிசிலி சாண்டர்ஸ் இதைத்தான் 'முழு வலி' என்றார். செவிலியராக இருந்து, சமூக நலப் பணியாளராகி, பின்னர் மருத்துவம் படித்தவர் அவர். சாகும் மனிதரின் வேதனையில் உடல் வலி ஒரு பங்கு. பயம், குடும்பத்தைப் பற்றிய கவலை, 'எனக்கு ஏன் இப்படி' என்ற கேள்வி ஆகியவை மற்ற பங்குகள். ஒன்றைத் தணித்து மற்றதை விட்டுவிட்டால் வேதனை தீர்வதில்லை.

1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் நண்பர்களும் வலி தணிக்கும் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். 2003இல் திருவனந்தபுரத்தில் 'பாலியம் இந்தியா' பிறந்தது. அதன் பயிற்சி நிலையத்தை 2012இல் உலக சுகாதார நிறுவனம் தன் கூட்டு மையமாக ஏற்றது. கேரள அரசு 2008இல் இதற்கென ஒரு கொள்கையையே அறிவித்தது; இந்திய மாநிலங்களில் அதுவே முதலாவது. இன்று ஊராட்சி செவிலியர் நோயாளியின் வீட்டுக்கே வருகிறார்.

முதல் வேலை உடல் வலியைக் குறைப்பது. வலியில் புழுவாய்த் துடிப்பவரிடம் 'தைரியமாக இருங்கள்' என்பது உபதேசமே தவிர உதவி ஆகாது. இதற்குரிய மார்பின் மாத்திரை விலை குறைந்தது. ஆனால் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் அதை மருத்துவமனைகளுக்கே எட்டாததாக்கியது. ராஜகோபால் போன்றோரின் நெடுநாள் முயற்சிக்குப் பிறகு 2014இல்தான் சட்டம் திருத்தப்பட்டது.

அடுத்தது பேச்சு. இதில் வழிமுறை எளிது, பழகுவது கடினம். நோயாளிக்கு என்ன தெரியும் என்று முதலில் கேட்க வேண்டும். எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று அறிய வேண்டும். அவர் கேட்கும் அளவுக்கு மட்டுமே சொல்ல வேண்டும். தெரிந்துகொள்ள விரும்பாதவர்களும் உண்டு. அதுவும் அவர்கள் உரிமை. சொன்ன பிறகு எழுந்து போய்விடக் கூடாது. மறுநாளும் வர வேண்டும்.

இப்படிப் பேசிய வீடுகளில் அழுகை குறைந்துவிடுவதில்லை. ஆனால் அழுகையோடு சிரிப்புக்கும் இடம் கிடைக்கிறது. நெதர்லாந்து ஆய்வாளர்கள் மார்கரெட் ஸ்ட்ரோபும் ஹெங்க் ஸ்குட்டும் 1999இல் வெளியிட்ட கருத்து இங்கே பொருந்துகிறது. துக்கத்தைக் கட்டம் கட்டமாகக் கடந்து ஒரு நாள் முடித்துவிடுவது இல்லை என்றார்கள் அவர்கள். இழப்பை நினைத்து உருகுவது, அன்றாட வேலையில் மூழ்குவது, இரண்டுக்குமிடையே மனம் போய்ப் போய் வருகிறது. அப்படிப் போய்வருவதே ஆரோக்கியம். கணவனை இழந்த பத்தாம் நாள் டிவியில் நகைச்சுவைக் காட்சியைப் பார்த்துச் சிரித்துவிட்ட பெண்ணை உறவினர்கள் முறைப்பதும், ஓராண்டு கழித்து அழுதால் 'இன்னுமா?' என்பதும் இது தெரியாததால்தான்.

மன உறுதி என்பது தனி ஒருவர் நெஞ்சுக்குள் பூட்டி வைத்திருக்கும் சொத்து என்றே நம் புத்தகக் கடைகளில் விற்கும் முன்னேற்ற நூல்கள் சொல்லிவருகின்றன. திருவனந்தபுரத்தின் அனுபவம் வேறு. வலி குறைந்து, உண்மை தெரிந்து, பக்கத்தில் ஆளும் இருந்தால் மிகச் சாதாரண மனிதர்களும் மிகப் பெரிய துயரத்தைத் தாங்குகிறார்கள். மூன்றில் ஒன்று குறைந்தால் படித்தவரும் தடுமாறுகிறார். முதியோர் விகிதம் நாட்டிலேயே அதிகமான கேரளத்தில், பிள்ளைகள் வளைகுடாவிலும் கனடாவிலும் இருக்கும் வீடுகளில், இனி அந்த மூன்றாவதைத்தான் தேட வேண்டியிருக்கும்.

தமிழ்நாட்டிலும் நிலைமை அதிகம் மாறுபட்டதல்ல. அடுத்த முறை வீட்டில் ஒருவருக்குப் பெரிய நோய் என்று தெரியும்போது, மருத்துவரைத் தனியே அழைத்து அந்த வேண்டுகோளை வைப்பதற்கு முன், நோயாளியின் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரலாம். 'உங்களிடம் என்ன சொல்லியிருக்கிறார்கள்?' என்று கேட்கலாம். பிறகு, அவர் பேசும் வரை காத்திருக்கலாம்.