புது கம்ப்யூட்டருக்கு வசூல் வேண்டாம்

புக்கிட் பெலண்டோக் நம்ம ஆலயத் திருவிழா வீடியோவை எடிட் பண்ணும்போது படம் திக்கித் திக்கி ஓடுது. "புது கம்ப்யூட்டர் வாங்கணும், வசூல் பண்ணலாம்"னு சிலர் சொல்றாங்க. என் கருத்து, இப்போ வேண்டாம்.

தொழிற்சாலையில மெஷின் மெதுவா ஓடினா, உடனே மெஷினை மாத்த மாட்டோம். உள்ளே போற பொருளை முதல்ல பார்ப்போம். இங்கேயும் அதேதான். இப்போ பல கைப்பேசிகள் இடத்தை மிச்சம் பிடிக்க எச்.265 முறையில வீடியோவை இறுக்கிச் சுருக்குது. அதுல ஒரு படம் முழுசா இருக்கும். அடுத்து வர்ற பல படங்கள்ல மாறின பகுதி மட்டும்தான் இருக்கும். நாம நடுவுல ஓர் இடத்துல நிறுத்தினா, கம்ப்யூட்டர் அந்த முழுப் படத்துக்குத் திரும்பிப் போய் ஒவ்வொண்ணா கட்டிக்கிட்டு வரணும். அதான் திணறுது.

இதுக்குச் செலவில்லாத வழி 'பிராக்ஸி'. டாவின்சி ரிசால்வ், பிரிமியர் புரோ ரெண்டிலும் இருக்கு. அசல் வீடியோவுக்கு எடை குறைஞ்ச நகல் எடுத்து, அதுல வெட்டி ஒட்டலாம். கடைசியா வெளியிடும்போது அசலே போகும், தரம் குறையாது. நகல் கொஞ்சம் இடம் பிடிக்கும், வேலை முடிஞ்சதும் அழிச்சிடலாம்.

ஒரு வேண்டுகோள்: நீங்க எடுத்த வீடியோவை வாட்ஸ்அப்ல சாதாரணமா அனுப்பாதீங்க, அது இன்னும் சுருக்கிடும். கேபிள் போட்டோ பென்டிரைவ்லயோ அசலைக் கொடுங்க.

இதெல்லாம் செஞ்சும் ஓடலைன்னா கம்ப்யூட்டர் பத்திப் பேசுவோம். அதுவரைக்கும் அன்னதானத்துக்குக் கொடுக்குற காசு அன்னதானத்துக்கே போகட்டும்.