குருவி ஃபார்வர்டு செய்வதில்லை

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமை இருப்பவர்கள் படியுங்கள். கோபம் வந்தால் கீழே எழுதுங்கள், பதில் சொல்கிறேன்.

"இயற்கையிடம் பாடம் கற்றுக்கொள்ளுங்கள்" என்று தினமும் காலையில் எனக்கு யாராவது அனுப்பிவிடுகிறீர்கள். பெரும்பாலும் அந்தக் கழுகுக் கதைதான். கழுகுக்கு எழுபது வருட ஆயுளாம். நாற்பதில் அலகு வளைந்து போகுமாம். மலையுச்சிக்குப் போய்ப் பாறையில் மோதி அலகை உடைத்து, நகத்தையும் இறகையும் பிடுங்கிப் போட்டு, ஐந்து மாதம் காத்திருந்து மறுபிறவி எடுக்குமாம். காலை வழிபாட்டில் பிள்ளைகளை விட்டு இதை வாசிக்கச் சொல்கிறார்கள். பயிற்சி வகுப்பில் வாத்தியார்களுக்கே படம் போட்டுக் காட்டுகிறார்கள்.

இதில் ஒரு வரிகூட உண்மை இல்லை. அலகு என்பது வெட்டினால் வலிக்காத நகம் அல்ல. உள்ளே எலும்பும் ரத்த ஓட்டமும் உண்டு. அதை உடைத்துக்கொண்ட கழுகு ஐந்து மாதம் உட்கார்ந்திருக்காது, பட்டினியில் செத்துப்போகும். இறகை அது பிடுங்கவும் வேண்டாம். பழையது தானாக உதிர்ந்து புதியது முளைக்கும். காட்டில் ஒரு கழுகு இருபது, முப்பது வருடம் இருந்தாலே நல்ல ஆயுள்.

"கதைதானே சார், கருத்து நல்லாத்தானே இருக்கு?" என்பீர்கள். கருத்தோடு எனக்குச் சண்டை இல்லை. பார்க்காததைப் பார்த்ததுபோலச் சொல்கிற பழக்கத்தோடுதான் சண்டை. இன்று கழுகைப் பற்றி அனுப்பிய விரல்தான் நாளைக்கு ஒரு மனிதனைப் பற்றியும் அனுப்பும்.

அனுப்பியும் விட்டது. இந்த வாரம் நம் ஊர் வாட்ஸ்அப் குரூப் ஒன்றில் ஒரு குரல் பதிவு வந்தது. "பிள்ளை பிடிக்கிற கும்பல் இறங்கியிருக்கு, எல்லாரும் உஷாரா இருங்க." எந்த ஊர், என்றைக்கு, யார் கண்ணால் பார்த்தது, எதுவும் இல்லை. கேட்டேன். "எதுக்கும் ஒரு முன்னெச்சரிக்கைதான் சார். ஆபத்துன்னா குருவிகூடத்தான் கத்துது" என்று ஒரு தம்பி பதில் போட்டார்.

குருவியை இழுத்ததால்தான் இந்தப் பதிவு. நான் விலங்கியல் படித்தவன் இல்லை. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் வாங்கி, மலைப் பள்ளிகளில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவன். ஆனால் ஜமுனாமரத்தூரில் இருந்துகொண்டு பறவையைப் பார்க்காமல் இருக்க முடியாது. ஆகவே தம்பி, குருவி எப்படிக் கத்துகிறது என்று சேர்ந்தே பார்ப்போம்.

தவிட்டுக்குருவி எல்லோருக்கும் தெரியும். ஏழெட்டாகச் சேர்ந்து பலா மரத்தடியில் சருகைக் கிளறிக்கொண்டிருக்கும். எல்லாம் குனிந்திருக்கும்போது ஒன்று மட்டும் மேலே கிளையில் உட்கார்ந்து சுற்றிலும் பார்க்கும். அதற்கு அப்போது இரை கிடையாது. காவல் மட்டும்தான். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று வந்து இடம் மாற்றிக்கொள்ளும்.

வல்லூறு பாய்ந்தால் ஒரே ஒரு கூர்மையான சத்தம். அத்தனையும் புதருக்குள். பிறகு மூச்சே கேட்காது. பாம்போ பூனையோ என்றால் வேறு மாதிரி. ஓடி ஒளியாமல் கூடி வந்து, இறக்கையை அடித்துக்கொண்டு கத்தித் தீர்க்கும். மைனாவும் கரிச்சானும் சேர்ந்துகொள்ளும். வானத்திலிருந்து வரும் ஆபத்துக்கு ஒரு குரல், தரையில் வரும் ஆபத்துக்கு வேறொரு குரல். "ஏதோ ஆபத்தாம்" என்று மொட்டையாக ஊரைக் கிளப்புவதில்லை.

அடுத்ததுதான் முக்கியம். வட அமெரிக்காவில் சிக்கடீ என்று ஒரு குருவி, நம் பட்டாணிக்குருவிக்குச் சொந்தம். ஆபத்து பெரிதென்றால் அது தன் குரலின் கடைசியில் 'டீ டீ டீ' என்று கூடுதலாகச் சேர்க்கும் என்று 2005-ல் கண்டுபிடித்தார்கள். அதே காட்டில் பசையெடுப்பான் வகைக் குருவி ஒன்று உண்டு. மரத்தில் தலைகீழாக இறங்குமே, அந்த இனம். சிக்கடீ கத்துவதை இது ஒட்டுக் கேட்கும். ஒட்டுக் கேட்டதை வைத்து என்ன செய்கிறது என்று சோதித்து 2020-ல் ஆய்வு வெளியிட்டார்கள். ஆந்தையின் குரலையே நேரில் கேட்டால், அது எந்த ஆந்தை, எவ்வளவு ஆபத்து என்பதற்கு ஏற்றபடி பசையெடுப்பான் தன் குரலை மாற்றுகிறது. சிக்கடீ சொல்லித் தெரிந்துகொண்டால் அப்படி இல்லை. நடுத்தரமாக, பொதுவாக ஒரு குரல் கொடுக்கிறது. அவ்வளவுதான். "பெரிய ஆபத்து" என்று அடுத்தவன் சொன்னதை அப்படியே தன் குரலில் சொல்வதில்லை. தான் கவனமாகிறது, ஆனால் விவரத்துக்குச் சாட்சி சொல்வதில்லை.

அந்தக் குருவியின் எடை பத்துக் கிராம் சொச்சம். பட்டமும் பதவியும் உள்ள நமக்கு அந்த நிதானம் இல்லை.

"குருவி முதலில் பறந்துவிட்டுத்தானே பிறகு யோசிக்கிறது? வீணாகப் பயந்தாலும் நஷ்டம் இல்லையே?" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. குருவியின் கணக்கு அதுதான். பத்து முறை வீணாகப் பறந்தால் நாலு பூச்சி போகும். ஒரு முறை பறக்காவிட்டால் உயிர் போகும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வீண் பயத்துக்கு விலை கொடுப்பது பயந்த குருவியேதான், வழியில் போன இன்னொன்று அல்ல. பாம்பைச் சூழ்ந்து கத்தும்போதும் அவை கிட்டே வந்து, கழுத்தை நீட்டி, பாம்பைப் பார்த்தபடிதான் கத்துகின்றன. நாம் அனுப்புகிற பயத்துக்கு விலை கொடுப்பவர் வேறு யாரோ.

யார் கொடுத்தார்கள் என்று தெரியாதா? நம் மலையிலிருந்து இறங்கினால் போளூர். போளூருக்குப் பக்கத்தில் அத்திமூர். 2018 மே 9. சென்னையிலிருந்து குலதெய்வக் கோயிலுக்கு ஒரு குடும்பம் காரில் வந்தது. வழி கேட்க நிறுத்தினார்கள். கூட வந்த 65 வயது அம்மா அங்கே இருந்த பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். அதற்கு முன்பே "வடமாநிலக் கும்பல் பிள்ளைகளைக் கடத்துது" என்று குரல் பதிவுகள் வட மாவட்டங்களில் சுற்றிக்கொண்டிருந்தன. போனில் செய்தி பறந்தது. காரை மறித்தார்கள். அந்த அம்மாவை அடித்தே கொன்றார்கள். கூட வந்த நான்கு பேருக்கும் பலத்த காயம். அதே சமயத்தில் பழவேற்காட்டில் ஒருவரைக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள். ஜூலை 1-ல் மகாராஷ்டிரத்தில் துலே மாவட்டம் ராயின்பாடாவில் ஐந்து பேர், அதே வதந்திக்கு. அந்த மாதம்தான் வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரு செய்தியை ஐந்து சாட்டுகளுக்கு மேல் ஒரே தடவையில் அனுப்ப முடியாமல் கட்டுப்பாடு வைத்தது.

அடித்தவர்கள் பலர் கைதானார்கள். "எதுக்கும் ஒரு முன்னெச்சரிக்கை" என்று அந்தக் குரல் பதிவைத் தட்டிவிட்ட ஆயிரம் விரல்கள்? அவை அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கியிருக்கும். ஒவ்வொருவரும் நல்ல எண்ணத்தில்தான் அனுப்பினார்கள். அதுதான் எனக்கு அதிகப் பயம்.

பறவைகளில் பொய் சொல்பவர் இல்லையா என்றால், உண்டு. ஆப்பிரிக்காவின் கலஹாரியில் நம் கரிச்சானின் உறவுக்காரன் ஒருவன் இருக்கிறான். தவிட்டுக்குருவி இனத்துப் பறவைகளும் மீர்கட் என்ற கீரி வகையும் இரை எடுக்கும்போது பொய்யாக எச்சரிக்கைக் குரல் கொடுப்பான். அவை இரையைப் போட்டுவிட்டு ஓடும். இவன் எடுத்துக்கொள்வான். ஒரே குரலைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் அவை நம்புவதை விட்டுவிடும். உடனே இவன் வேறு பறவையின் குரலுக்கு மாறிவிடுவான். 2014-ல் வந்த ஆய்வு இது.

நமக்கு வரும் குரல் பதிவும் அதே தந்திரம்தான். ஒரு வருடம் பிள்ளை பிடிப்பவர்கள், அடுத்த வருடம் கிட்னி திருடுபவர்கள். ஊர்ப் பெயர் மட்டும் மாறும். குருவியாவது ஏமாந்த குரலை அடையாளம் வைத்துக்கொள்கிறது. நாம் வைத்துக்கொள்கிறோமா?

வீட்டுப்பாடம் கொடுக்காமல் முடித்தால் நான் வாத்தியார் இல்லை.

ஒன்று. இப்படி எதுவும் வந்தால் "யார் பார்த்தது, எங்கே, எப்போது?" என்று அதே குரூப்பில் எல்லோரும் பார்க்கக் கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் அது உங்கள் போனோடு நிற்கட்டும். அட்மினாக இருப்பவர்கள் அழித்துவிடுங்கள். பெரியவர் மனசு நோகுமே என்று பார்க்காதீர்கள்.

இரண்டு. நீங்களே கண்ணால் ஆபத்தைப் பார்த்தால் சும்மா இருக்காதீர்கள். பிள்ளைகள் விஷயம் என்றால் 1098, போலீஸுக்கு 100. நம் மலைக்கு வழி தெரியாமல் வருபவர்கள் ஏராளம். ஆளை மறிப்பதற்கு முன்னால் தண்ணீர் கொடுத்து, எங்கே போகணும் என்று கேளுங்கள்.

மூன்று. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து நிமிடம் போனை வீட்டில் வைத்துவிட்டு, பிள்ளையோடு ஒரு மரத்தடியில் உட்காருங்கள். தவிட்டுக்குருவிகள் வரும். அதில் எது காவல் இருக்கிறது என்று பிள்ளையைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பார்த்ததை மட்டும் எழுதி எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். கழுகுக் கதைக்குப் பதிலாக அதைப் படிக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்,
ஜமுனாமரத்தூர்.