குள்ளனுக்கும் ஒரு மைதானம் வேண்டும்

சனிக்கிழமை ராத்திரி. சரவணம்பட்டியில் சத்தி ரோட்டை ஒட்டிய ஏதோ ஒரு ஹாஸ்டல் ரூம் என்று வைத்துக்கொள்வோம். தரையில் ஒரு போர்வை, அதன்மேல் கட்டம் போட்ட சார்ட் பேப்பர், இருபது முகப் பகடை, பாதி தீர்ந்த மிக்சர் பாக்கெட். நாலு பேர் உட்கார்ந்து டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறார்கள். ஒருவன் குள்ளன் (ட்வார்ஃப்), ஒருவன் எல்ஃப், ஒருவன் காளைத்தலை மினோட்டார், ஒருத்தன் பல்லி மனிதன். எதிரி வந்தாயிற்று. யார் என்ன செய்யப் போகிறார்கள்?

"வெட்டறேன்." "நானும் வெட்டறேன்." "கோடாலியால வெட்டறேன்." "அப்ப நான் குத்தறேன்டா மாப்ள."

இவ்வளவுதான் நடக்கும். கொம்பு, செதில், நாலடி உயரம் எல்லாம் கேரக்டர் ஷீட்டில் மட்டும் இருக்கும். சண்டை என்று வந்துவிட்டால் நாலு பேருமே மாறுவேடம் போட்ட மனிதர்கள்.

இந்த விளையாட்டு தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். 1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் அமெரிக்காவில் வெளியிட்டது இது. ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசுவார்கள், முடிவு சந்தேகமாக இருக்கும் இடத்தில் பகடை பேசும். கம்ப்யூட்டர் தேவையில்லை, வாய் இருந்தால் போதும். ஆனால் வாய் இருந்தும் சண்டைக் காட்சியில் எல்லோரும் ஊமையாகிவிடுகிறார்களே, அதுதான் பிரச்சினை.

இதற்கு ஒரு எளிய மருந்து உண்டு. மனிதரல்லாத அந்தப் பாத்திரத்திடம் "உன் ஆயுதம் என்ன?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "சின்ன வயசுல உங்க ஊர்ல என்ன விளையாடுவீங்க?" என்று கேட்க வேண்டும். சண்டை முறை அதிலிருந்து தானே வரும்.

குள்ளரும் சடுகுடுவும்

குள்ளரை எடுத்துக்கொள்வோம். உயரம் குறைவு, எடை அதிகம், ஈர்ப்பு மையம் தரைக்குப் பக்கத்தில். குகையில் வாழ்க்கை, எப்போதும் கூட்டம். இப்படிப்பட்ட ஜனங்கள் என்ன விளையாடியிருப்பார்கள்? கபடியைத் தவிர வேறு எது பொருந்தும்?

கணக்கும் ஆச்சரியமாக ஒத்துப்போகிறது. ஆண்கள் கபடிக் களம் 13 மீட்டருக்கு 10 மீட்டர். ஒரு அணியின் பாதி ஆறரை மீட்டர் ஆழம், அதாவது சுமார் 21 அடி. டி அண்ட் டி வரைபடத்தில் ஒரு கட்டம் ஐந்தடி என்பதால் ஏறக்குறைய நாலு கட்டம். ஒரு ரெய்டுக்கு 30 விநாடி. டி அண்ட் டி-யில் ஒரு சுற்று 6 விநாடி. ஆக, ஒரு ரெய்டு என்பது சரியாக ஐந்து சுற்று. யாரோ உட்கார்ந்து திட்டம் போட்டது மாதிரி இருக்கிறது!

இனி விதிக்கு வருவோம். 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பில் ஒருவரைப் பிடித்துவிட்டால் பிடிபட்டவரின் வேகம் பூஜ்யம், அவ்வளவுதான். காலைப் பிடித்தாலும் இடுப்பைப் பிடித்தாலும் ஒன்றே. 2024 திருத்தப் பதிப்பில் சில மாற்றங்கள் வந்தன, ஆனால் இந்த அடிப்படை மாறவில்லை. பொங்கலுக்கு நடக்கும் ஒரு கபடி மேட்சையாவது பார்த்த யாரும் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். கணுக்கால் பிடி வேறு, தொடைப் பிடி வேறு, கை கோத்த இருவர் சங்கிலியாக வந்து மடக்குவது வேறு. எல்லாவற்றுக்கும் மேலாக, கபடியில் பிடித்தவனுக்கும் ஆபத்து உண்டு. ஆறு பேர் மேலே கிடந்தாலும் ரெய்டு வந்தவனின் விரல் நடுக்கோட்டைத் தொட்டுவிட்டால் பிடித்த அத்தனை பேரும் அவுட். இந்த ஒரு விதி சண்டையின் ருசியையே மாற்றிவிடும்.

குள்ளருக்கு இப்படி ஒரு வீட்டு விதி வைத்துப் பாருங்கள். சண்டை தொடங்கும்போது ஒரு கோடு அறிவிக்கப்படும். வாசற்படி, ஓடைக்கரை, பாலத்தின் முனை, எதுவானாலும் சரி. குள்ளன் பிடித்தால் எதிரி நிற்க மாட்டான், இழுத்துக்கொண்டு போகலாம். கை கோத்து நிற்கும் ஒவ்வொரு குள்ளனுக்கும் பிடியில் இரண்டு கூடும். எதிரி கோட்டைத் தொட்டால் பிடித்த எல்லோரும் தரையில் விழுவார்கள். கபடியில் களத்தில் மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ இருக்கும்போது பிடித்தால் சூப்பர் டேக்கிள் என்று கூடுதல் புள்ளி ஒன்று கிடைக்கும். அதுபோல, ஆள் குறையக் குறைய குள்ளர் அணி ஆபத்தானதாகும். இப்போது அந்தக் குள்ளர்களைப் பார்த்தால் குட்டையான மனிதர்கள் என்றா தோன்றும்?

மற்றவர்களும் இதே களத்துக்குள் வருவார்கள். தன்னைவிடப் பெரிய உருவங்களின் இடத்துக்குள்ளேயே புகுந்து வெளியே வரலாம் என்பது ஹாஃப்லிங்குக்கு விதியே கொடுத்த வரம். கபடி ரசிகர்கள் அதை டுப்கி என்பார்கள். பல்லி மனிதன் 15 நிமிடம் மூச்சை அடக்குவான் என்று 2016-ல் வந்த விதிப்புத்தகம் சொன்னது. மூச்சு விடாமல் பாடிக்கொண்டே போகும் பழைய சடுகுடுவில் அவனை யார் ஜெயிப்பது? அதனால்தான் குள்ளர் ஊர்களில் பல்லி மனிதரை ஆட்டத்தில் சேர்ப்பதில்லை. பாருங்கள், ஒரு விதியிலிருந்து ஒரு அரசியல் பிறந்துவிட்டது.

வாடிவாசலும் ரேக்ளாவும்

மினோட்டார் என்றாலே முட்டுவது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஜல்லிக்கட்டைக் காளையின் பக்கத்திலிருந்து யோசித்தால் வேறு மாதிரி தெரியும். காளையின் வெற்றி யாரையும் முட்டுவதில் இல்லை, யார் கையிலும் அடங்காமல் போய்ச் சேர்வதில் இருக்கிறது. பிடிக்கிறவன் திமிலைத்தான் பிடிக்க வேண்டும், கொம்பையோ வாலையோ தொடக்கூடாது. இந்த விளையாட்டில் வளர்ந்த மினோட்டாரின் கலை உதறுவது. அவனைச் சூழ்ந்து பிடிக்கப் பார்ப்பது முட்டாள்தனம். ஆனால் வாலைப் பிடித்து இழுக்கும் எதிரி வந்தால் ஒரு கணம் திகைத்துப் போவான், ஏனென்றால் அப்படிச் செய்யக்கூடாது என்றே அவன் வளர்ந்திருக்கிறான்.

பாதி மனிதன் பாதிக் குதிரையான சென்டாருக்குக் கொங்கு நாட்டில் ரேக்ளா இருக்கிறது. 200 மீட்டர், 300 மீட்டர், நேர் பாதை, கடிகாரம்தான் எதிராளி. ஓட்டுபவனும் ஓடுவதும் ஒரே உடம்பாக இருந்தால் எப்படி இருக்கும்? நேர்கோட்டில் அசுரன், திரும்பும்போது பரிதாபம். (ஒரு தமாஷ்: சென்டாரின் வேகம் சுற்றுக்கு 40 அடி. முழு ஓட்டம் ஓடினாலும் 80 அடிதான். அந்தக் கணக்கில் 200 மீட்டருக்குச் சுமார் 50 விநாடி ஆகும். பொள்ளாச்சிப் பக்கம் வந்தால் காங்கேயம் காளைகளிடம் மானம் போய்விடும்.)

இது ஏதோ புதுசாகக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. ராமாயணத்தில் வானரர்கள் அரக்கர்களைப் போல வில்லெடுத்துச் சண்டை போடுவதில்லை. மரத்தைப் பிடுங்குவார்கள், பாறையை எறிவார்கள், நகத்தாலும் பல்லாலும் பாய்வார்கள். கொங்கு நாட்டு அண்ணன்மார் கதையில் கொம்பன் என்ற ராட்சதப் பன்றியை வீழ்த்துவதில் பொன்னாச்சி என்ற சின்னஞ்சிறு பெண் நாய்க்குப் பங்கு உண்டு. பெரியவன் நிமிர்ந்து வருவான், சின்னவள் கீழே நுழைவாள். 1960களில் கனடாவைச் சேர்ந்த பிரெண்டா பெக் இந்தக் கதையை ஒலிப்பதிவு செய்து பிற்பாடு நூலாக்கினார். உடம்புக்கேற்ற சண்டை என்பது படுகளம் பார்த்து வளர்ந்த ஊருக்குத் தெரியாத சமாச்சாரம் அல்ல.

பிறப்பா, பழக்கமா?

சரி, இதெல்லாம் வெறும் சுவாரசியத்துக்குத்தானா? இல்லை. இதில் ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது.

2014 விதிகளில் ஹை எல்ஃப் என்றால் நீள்வாளும் வில்லும் பிறப்பிலேயே பழகியவன். குள்ளன் என்றால் கோடாலியும் சுத்தியலும். பிறந்த அன்றே காட்டில் தொலைந்து ஓநாய் வளர்த்த எல்ஃப் குழந்தைக்கும் வாள் வீசத் தெரியும். யார் கற்றுக் கொடுத்தது? யாரும் இல்லை, ரத்தத்தில் வந்தது! தமிழ்நாட்டில் வளர்ந்தவர்களுக்கு இது எங்கேயோ கேட்ட வாதம் மாதிரி இருக்க வேண்டும். 1953-ல் ராஜாஜி கொண்டுவந்த ஆரம்பக் கல்வித் திட்டத்தை எதிர்த்தவர்கள் அதற்கு வைத்த பெயர் குலக்கல்வி. அரை நாள் பள்ளி, மீதி நேரம் வீட்டுத் தொழில். 1954-ல் காமராஜர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. அப்பன் தொழில்தான் பிள்ளைக்கு என்பதை மறுத்த ஊரில், ராத்திரி பகடை உருட்டும்போது மட்டும் அதை ஏன் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்ள வேண்டும்?

வெளியீட்டாளர்களுக்கும் இது உறைத்தது. 2020-ல் வந்த துணை நூல் ஒன்றில் இனத்தோடு ஒட்டிய எண்களை இடம் மாற்றிக்கொள்ள வழி தந்தார்கள். 2024 பதிப்பில் இனம் என்ற சொல்லே போய் உயிரினம் என்ற பொருளில் வேறு சொல் வந்தது. பிறவி ஆயுதப் பயிற்சியும் போயிற்று. நல்லது. ஆனால் ஒரு பள்ளம் விழுந்தது. எல்லோருக்கும் எல்லாம் ஒன்று என்றால் எல்ஃபும் குள்ளனும் எதில் வேறு? மறுபடியும் மாறுவேடம்தானே?

அந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் விளையாட்டு. நாலு கால் பிறப்பில் வருவது. நாலு காலை வைத்துக்கொண்டு என்ன ஆட்டம் ஆடுவது என்பது ஊர் சொல்லிக் கொடுப்பது. குள்ளர் ஊரில் வளர்ந்த எல்ஃப் பெண்ணும் சடுகுடு ஆடுவாள். உயரமான உடம்பு, எட்டிப் பிடிக்கும் கை, குனிய முடியாத முதுகு, ஆனால் பாட்டு மட்டும் குள்ளர் பாட்டு. அவள் குள்ளச்சியா, எல்ஃபா? அந்தக் கேள்வியே ஒரு நல்ல கதை.

விளையாட்டை வைத்தாலே போதும் என்றும் சொல்லிவிட முடியாது. 1986-ல் வந்த பிளட் பௌல் என்ற பலகை ஆட்டத்தில் ஓர்க், எல்ஃப், குள்ளர் எல்லோரும் அமெரிக்கக் கால்பந்து ஆடுகிறார்கள். ரகளையான ஆட்டம்தான். ஆனால் எல்லோருக்கும் ஒரே விளையாட்டு, அதில் இன்னாருக்கு இன்ன வேலை என்ற பாகுபாடு. எல்ஃப் பந்தை வீசுவான், குள்ளன் முட்டுவான். ஊருக்கொரு ஆட்டம் இருந்தால்தான் அதைக் கற்கவும், விடவும், மாற்றவும் முடியும். மைதானத்துக்குள்ளும் சாதி நுழைந்ததுண்டு என்பதும் உண்மை. முதல் மரியாதை யாருக்கு, யாரை ஆட்டத்தில் சேர்ப்பது என்று சண்டை வராத திருவிழா எத்தனை? அதையும் கதைக்குள் கொண்டுவரலாம். ரத்தத்தோடு வாதாட முடியாது, ஆட்டக் கமிட்டியோடு வாதாடலாம்.

சில ஆட்சேபங்கள்

"நிஜ உலகத்தை மறக்கத்தானே இதை ஆடுகிறோம், அங்கேயும் கபடியா?" என்று கேட்கலாம். ஆனால் வில்லும் வாளும் கோட்டையும் யாரோ ஒருவரின் நிஜ ஊரிலிருந்து வந்தவைதான். ஐரோப்பியச் சரித்திரம் கற்பனையாகும்போது செட்டிபாளையம் ஜல்லிக்கட்டு ஆகாதா?

"விதி கூடினால் ஆட்டம் இழுக்கும்" என்பது நியாயமான ஆட்சேபம். அதனால் ஒரு இனத்துக்கு ஒரு விளையாட்டு, ஒரு விளையாட்டுக்கு இரண்டே விதி என்று நிறுத்திக்கொள்ள வேண்டும். அடிப்படை விதிகள் 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விடப்பட்டுவிட்டன. பெயரைக் குறிப்பிட்டுவிட்டு யாரும் மாற்றலாம், தமிழிலேயே எழுதி வெளியிடவும் செய்யலாம்.

மூன்றாவது ஆட்சேபம் வலுவானது. விளையாட்டில் நடுவர் உண்டு, சண்டையில் இல்லை. கபடியில் பாடுபவனின் வாயைப் பொத்தக்கூடாது, துணியையோ முடியையோ பிடிக்கக்கூடாது. குகையில் வரும் எதிரி முதலில் அதைத்தான் செய்வான். வாஸ்தவம். ஆனால் ஒரு பாத்திரம் உயிர் பெறும் இடமும் அதுதான். எதிரி முடியைப் பிடித்து இழுக்கிறான், நடுவர் இல்லை, கோடு இல்லை. பாட்டு அறுந்துபோகிறது. திருப்பி முடியைப் பிடிப்பதா, வேண்டாமா? அந்தக் குள்ளன் யார் என்பது கோடாலியில் இல்லை, இந்த ஒரு முடிவில்தான் இருக்கிறது. எதைச் செய்ய மாட்டேன் என்பதையும் சேர்த்துத்தான் ஒரு ஊர் தன் பிள்ளைகளுக்கு விளையாட்டில் கற்றுத் தருகிறது.

அடுத்த சனிக்கிழமை அந்த ஹாஸ்டல் ரூமில் புதுசாக ஒருவன் பாத்திரம் உருவாக்க உட்காரும்போது, ஆயுதப் பட்டியலை அப்புறம் நீட்டலாம். முதலில் அந்தக் கேள்வியைக் கேளுங்கள்.

"உங்க ஊர்ல என்ன விளையாடுவீங்க?"