பெரிய டார்ச் லைட் வாங்குகிறீர்களா?



ஸஹர் நேரத்தில் மின்சாரம் நின்றுபோனால் முதலில் நாம் தேடுவது டார்ச் லைட்டைத்தான். பஜ்ருத் தொழுகைக்குப் புறப்படும் அத்தாவுக்கும், விருதுநகர் மாவட்டத்துக் கரிசல் காட்டில் இரவு மோட்டார் போடச் செல்லும் பிள்ளைக்கும் அது தேவை. முன்பு வீட்டுக்கு வீடு எவரெடியின் மூன்று கட்டைப் பித்தளை டார்ச் இருந்தது. கட்டை கசிந்து உட்புறம் பச்சை பூத்தால் ஒழிய, அதற்கு அழிவு கிடையாது. இன்று அதன் இடத்தை எல்.இ.டி.யும் லித்தியம் பாட்டரியும் கொண்ட பெரிய டார்ச்சுகள் பிடித்துக்கொண்டன. வாங்குமுன் அவற்றைச் சற்றே ஆராய்ந்து பார்ப்பது நல்லது.

பெட்டியின் மேல் ஒரு லட்சம் லூமன் என்று அச்சிட்டிருந்தால் நம்பாதீர்கள். லூமன் என்பது விளக்கு வெளிவிடும் மொத்த ஒளியின் அளவு. ஒளிக்கதிர் எவ்வளவு தூரம் செல்லும் என்பதைத் தீர்மானிப்பது கேண்டெலா என்னும் வேறோர் அளவு. 2009-இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட எஃப்.எல்.1 என்னும் தர அளவுகோல், முழுநிலவு ஒளிக்கு ஒப்பான கால் லக்ஸ் வெளிச்சம் விழும் இடம் வரையிலான தூரத்தையே டார்ச்சின் வீச்சு என்கிறது. அக்கணக்கின்படி 10,000 கேண்டெலா 200 மீட்டர் எட்டும். 400 மீட்டர் எட்ட 40,000 வேண்டும். தூரம் இரட்டிப்பாக ஒளி நான்கு மடங்காக வேண்டும். ஆகவே சிறிய கண்ணாடியுடைய மலிவு டார்ச் ஒன்று கிலோமீட்டர்க் கணக்கில் பெருமை பேசினால், பேசுவது பெட்டியே!

அடுத்து உடலமைப்பு. நல்ல டார்ச்சின் உடல் அலுமினியத்தால் ஆனது. மேலே கடினமான ஆனடைஸ் பூச்சு இருக்கும். தலைப் பகுதியில் வரிவரியாக வெட்டியிருப்பார்கள். அது அழகுக்காகச் செய்ததன்று. எல்.இ.டி. உண்ணும் மின்சக்தியில் பெரும்பகுதி வெப்பமாகவே மாறுகிறது. அந்த வெப்பம் காற்றில் கலந்து வெளியேறவே அவ்வரிகள். உச்ச ஒளியில் சில நிமிடம் எரிந்த பின் நல்ல டார்ச் தானாகவே ஒளியைக் குறைத்துக்கொள்ளும். அதைப் பழுது என்று எண்ணிக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகவேண்டாம். குறைத்துக்கொள்ளாமல் கையைச் சுடுவதைத்தான் திருப்பிக் கொடுக்கவேண்டும்.

பின்மூடியைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். மரை தடித்ததாய், மணல் அரைபடும் ஓசையின்றிச் சுழலவேண்டும். ரப்பர் வளையம் இருக்கவேண்டும். பூச்சுள்ள மரையாயின், மூடியைக் கால் சுற்று தளர்த்தினாலே பல டார்ச்சுகளில் மின்தொடர்பு அறுந்துவிடும். பைக்குள் தானே எரிந்து துணியைக் கருக்கும் ஆபத்துக்கு இது எளிய தடுப்பு. பொத்தான் இருட்டில் கட்டைவிரலுக்குத் தட்டுப்படவேண்டும். தலை மிகக் கனத்தால் மணிக்கட்டு விரைவில் நோகும். வயதானவர் கையில் கொடுத்துப் பார்த்தே வாங்குங்கள்.

பாட்டரியைப் பற்றி ஒரு சொல். 18650 என்ற எண் 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம் என்பதைக் குறிக்கும். அந்த அளவில் நல்ல கலம் ஏறத்தாழ 3,500 மில்லி ஆம்பியர்-மணி தாங்கும். 9,900 என்று அச்சிட்டிருப்பது பொய். சித்திரை வெயிலில் மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் அதைப் போட்டு வைக்காதீர்கள்.

இனி நம் பகுதிக்கே உரிய விஷயம். சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றில் பட்டாசு ஆலைக்கோ கிட்டங்கிக்கோ செல்பவர் ஒருவராவது இருப்பார். இரவுக் காவலுக்குப் போகும் அவர் கையில் வீட்டிலுள்ள பெரிய டார்ச்சைக் கொடுத்து அனுப்புவது அன்பினால்தான். ஆனால், வெளிமுற்றம் வரை அது தோழன். மருந்து அறைக்குள் பகைவன்.

எண்ணிப் பாருங்கள். அந்த அறைகளில் காற்றோடு கலந்து படிவது வெடியுப்பும் கந்தகமும் அலுமினியத் தூளும். சாதாரணப் பொத்தானை அழுத்தும்போது உள்ளே எழும் சிறு பொறி நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. அலுமினிய உடல் துருப்பிடித்த இரும்பின் மேல் ஓங்கி விழுந்தால் கடும் வெப்பமுள்ள பொறி பறக்கக்கூடும். பிளாஸ்டிக் உடலோ, உராய்வில் நிலைமின்சாரத்தைச் சேர்த்து வைக்கிறது. மிகப் பெரிய டார்ச்சின் கண்ணாடியை ஒட்டிக் கறுப்புக் காகிதம் வைத்தால் புகைந்துவிடும். தரையில் கவிழ்த்து வைத்தால் என்ன ஆகும்? மூடியின் மரைக்குள் மருந்துத் தூள் புகுந்திருக்க, அதைத் திருகும் உராய்வும் ஆபத்தே. பழைய குண்டு விளக்கும் பாதுகாப்பானதன்று; அதன் கண்ணாடி உடைந்தால் 2,000 டிகிரிக்கு மேல் கனலும் இழை வெளிப்பட்டு நிற்கும்.

இதற்கெனப் பொறி எழாத, உடல் சூடேறாத தனி வகை டார்ச்சுகள் உண்டு. நம் நாட்டில் அபாயப் பகுதிகளுக்கான மின்கருவிகளுக்கு வெடிபொருள் பாதுகாப்பு நிறுவனமான பெசோ ஒப்புதல் அளிக்கிறது. தன்பாத் சுரங்க ஆய்வு நிறுவனம் சோதித்துச் சான்று தருகிறது. இங்கும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பெட்ரோல் ஆவிக்குத் தந்த சான்று வெடிமருந்துக்குத் தந்த சான்று ஆகாது. 'நீர் புகாது' என்னும் ஐ.பி.67 முத்திரைக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. இரண்டையும் ஒன்றெனச் சொல்லி விற்பவர்களும் உண்டு. எந்த அறைக்கு எது தகும் என்பதை ஆலையின் உரிமம் பெற்ற பொறுப்பாளரே சொல்லவேண்டும். அத்தகைய விளக்கை வாங்கித் தருவதும் ஆலையின் கடமையே, கூலிக்காரரின் சட்டைப்பை அதைச் சுமக்கலாகாது.

2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நிகழ்ந்ததை நம் பகுதி மறக்காது. முதலில் தீ, அதைக் கண்டு உதவவும் பார்க்கவும் மக்கள் ஓடினர், பின் நிகழ்ந்த பெருவெடிப்பில் அவர்களிலும் பலர் மாண்டனர். அது பகற்பொழுது. இரவாக இருந்திருந்தால் ஒவ்வொருவர் கையிலும் ஒரு டார்ச் இருந்திருக்கும். 400 மீட்டர் வீச்சுள்ள டார்ச்சின் உண்மைப் பயன் இங்கேதான்: எட்ட நின்று பார்க்கலாம், வழி தெரியாமல் ஓடிவருவோருக்குப் பாதை காட்டலாம், தீயணைப்பு வண்டிக்குத் திருப்பத்தைக் காட்டலாம். ஓட்டுநரின் கண்ணில் மட்டும் அடிக்காதீர்கள்.

ஆலையிலிருந்து திரும்புபவர் கை கழுவி, உடை மாற்றிய பின்னரே வீட்டு டார்ச்சைத் தொடட்டும். சார்ஜ் போடும் இடம் அடுப்படியாகவோ படுக்கையாகவோ இருக்கவேண்டாம்; தரையில், பிள்ளைகள் கைக்கு எட்டாத மூலையில், ஆள் விழித்திருக்கும் நேரத்தில் போடுங்கள்.