சட்டம் திறந்த கதவைப் படிவம் மூடுவதா?

வயதுச் சான்று இல்லையென்று எந்தக் குழந்தையையும் பள்ளியிலே சேர்க்க மறுக்கலாகாது! 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 14-ஆவது பிரிவு கூறுவது இது. ஆனால், பெற்றோருக்கான இணையப் படிவத்திலே அச்சான்றைக் 'கட்டாயம்' எனக் குறித்துவிட்டால்? அடுத்த பக்கம் திறவாது. நாடாளுமன்றம் தந்த உரிமையை ஒரு நட்சத்திரக் குறி பறித்துவிடும்!

கூலியை இழந்து, கணினிக் கடையிலே காத்துக்கிடக்கும் பாட்டாளி செய்த குற்றமென்ன? குறை கணினியுடையதன்று, படிவம் அமைத்தோருடையது. 'கட்டாயம்' என்பதை நீக்க ஒரு நொடி போதும். படிவம் தமிழில் இருக்கட்டும்; கைப்பேசியில் திறக்கட்டும்; பாதியில் நின்றாலும் நிரப்பியது நிலைக்கட்டும்.

தோழர்களே! அண்டைவீட்டாருக்கு எழுதிக்கொடுங்கள், மறுக்கும் படிவத்தை அதிகாரிகள் முன் வையுங்கள். காகிதத்திற்காகக் குழந்தை காத்திருப்பதா? குழந்தைக்காகக் காகிதம் காத்திருக்கட்டும் என்கிறோம்!